போண்டா இருந்த விரதம்

தம்போயில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் குணாளனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. போண்டா என்று ஒரு முயல்தான். பெண்டாட்டி பிரேமலாவைவிட முயலிடம்தான் அவன் அதிகம் பேசுவான் என்பது தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கூண்டுக்குள் விரித்த பேப்பர் சுத்தமாக இருந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை. கழுவுகிற வேலை மிச்சம் என்று குணாளன் சந்தோஷப்பட்டான். ஆனால் ராத்திரி வைத்த கங்கோங் கீரையும் அப்படியே வாடிக் கிடந்தது.

"பிரேமா, போண்டா சாப்பிடவே இல்லலா."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல? என்கூட அதுவும் விரதம். உங்களுக்குத்தாங்க அந்த பக்தி கிடையாது" என்று சிரித்தாள் பிரேமலா.

அதை அவன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

சாயங்காலம் திரும்பியபோது முயல் மூலையில் குறுகிக் குந்தியிருந்தது. காது சில்லிட்டிருந்தது. பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப புழுக்கை போட்டுச்சு?"

"காலையிலயே இல்லங்க. விரதம்னு கேலி பண்ணிக்கிட்டு இருந்தோம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"முயல் அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் நின்னுடும். வலிச்சாலும் கத்தாது. காலையிலயே வந்திருக்கணும் நீங்க."

ஊசி போட்டார். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

வீட்டில் பிரேமலா விரதம் முடிக்காமலே கூண்டருகில் உட்கார்ந்தாள். குணாளன் புதுப் பேப்பர் விரித்தான். ஒரே ஒரு புழுக்கைக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

பேப்பர் சுத்தமாகவே இருந்தது.