சர்க்கரை லாரி

சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால் கார் பஞ்சர். நாளைக்குப் பொங்கல். கார் டிரைவர் டயரைக் கழற்றும் நேரத்தில் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கப் போகிறேன். வீட்டுக்காரப் பெண் சர்க்கரைப் பாகு கிளறிக்கொண்டிருக்கிறார். பாகு வெளுத்து இறுகி வரும்போது, நனைத்து டியூப் ரப்பரால் கட்டிய மர அச்சுக்குள் ஊற்றுகிறார்.

நான் தண்ணீர் குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் அச்சைப் பிரிக்கிறார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை லாரி. அதன் நெற்றியில் ஒரு பெயர். எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது.

"எழுத்து திரும்பியிருக்குதே," என்கிறேன்.

"செல்வின்னு எம் பேருங்க. அச்சு எங்க ஊட்டுக்காரர் செதுக்குனது. மரத்துல நேராச் செதுக்கிப்போட்டாரு, சர்க்கரையில திரும்பிக்கிச்சு."

"வேற அச்சு செய்யச் சொல்லலாமே?"

"எதுக்குங்க? அவரு லாரி டிரைவரு. பொழுதோட வந்துருவாரு. இதைக் கேபின்ல பின்னால வெச்சுக்கிட்டு, வழியெல்லாம் மிரர்ல பாத்துப் படிப்பாருங்க."

சொல்லும்போதே அவர் முகம் சிவக்கிறது.

டயர் மாட்டியாயிற்று. கிளம்பும்போது எனக்கும் ஒரு லாரி தருகிறார், பெயரைக் கத்தியால் கவனமாகச் சுரண்டிவிட்டு.