குற்றப் பிரேரணை வேறு, பதவி நீக்கம் வேறு!

என்னைப் பதவியிலிருந்து யாரும் நீக்கவில்லை!

இதை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலையிலிருந்து பதினொரு பேர் கேட்டுவிட்டார்கள்.

லண்டன் நோர்பரியில் உள்ள எங்கள் தமிழ் மாதர் சங்கத்தின் மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதன் பக்கங்களை முகநூலில் போட்டிருக்கிறார்கள். என் படத்தின் கீழே ஒரு வரி: "முதல் தலைவி. பின்னர் பதவி நீக்கப்பட்டார்."

"அன்ரி, உங்களைக் கலைச்சவையோ?!" என்று ஒரு பெண் கேட்கிறாள். (அழுகிற முகங்கள் மூன்று.)

கலைக்கவில்லை, பிள்ளை; ஒருவரும் துரத்தவில்லை. என்மேல் குற்றப் பிரேரணை நிறைவேறியது. பிறகு விசாரணையில் நான் விடுதலையானேன். எனக்கு எண்பத்தெட்டு வயது. நான் போன பிறகும் அந்த மலர் இருக்கும். அந்த வரி இருக்கக் கூடாது.

நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளில் மண்டபம் தருவதற்குக் கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டது: சங்கத்துக்கு எழுதப்பட்ட யாப்பு, அதாவது ஓர் அரசியலமைப்பு, வேண்டும்.

(இந்த நாட்டுக்கே எழுதப்பட்ட யாப்பு ஒன்று இல்லை! ஆனால் இருபத்திரண்டு பெண்கள் வடை சுடுவதற்கு வேண்டுமாம்.)

யாரைப் பார்த்து எழுதுவது? என்னிடம் அமெரிக்கா இருந்தது.

நியூ ஜேர்சியில் இருக்கும் என் மகன் அப்போது குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். கேள்விப் புத்தகத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் நான் கேட்பேன், அவன் சொல்லவேண்டும்.

"எத்தனை செனட்டர்?"

"ஐம்பது எண்டு நினைக்கிறன், அம்மா."

"ஐம்பது மாநிலம், ஒண்டுக்கு ரெண்டு பேர். பெருக்கத் தெரியாதோ? நீர் எஞ்சினியரெல்லோ!"

அவன் பாஸ் செய்தான். ஆனால் பாடம் முழுவதும் என் தலையில் தங்கிவிட்டது. ஆகவே யாப்பும் அப்படியே வந்தது. தலைவி. கீழ்ச்சபைக்குப் பன்னிரண்டு பேர். மேல்சபைக்கு மூத்தவர்கள் ஒன்பது பேர். (மேல்சபை மண்டபத்துச் சமையலறையில் கூடும். முழங்கால் வலிக்காரருக்கு அங்கேதான் நல்ல கதிரைகள்.) பேச்சுச் சுதந்திரம். தலைவிக்கு வீட்டோ, எந்த முடிவையும் மறுக்கும் உரிமை. அதை நான் ஒரேயொரு முறைதான் பயன்படுத்தினேன். (சரி, நாலு முறை.)

வழக்கு விசாரிக்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதற்காக, மதராஸிலிருந்து வந்த டொக்டர் வசந்தாவை நீதியரசர் ஆக்கினேன்.

கூட்டங்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். என் கையில் ஒரு பித்தளை மணி. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு மணியின் அருமை தெரியும்.

ஒரு மார்கழிக் கூட்டத்தில் சரோஜா எழுந்தார். மகளின் பட்டமளிப்பு விழாவைப் பற்றி. மூன்றாவது நிமிடத்தில் மகள் இன்னும் காரிலிருந்தே இறங்கவில்லை!

மணி அடித்தேன். அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் அடித்தேன். அவர் உட்காரும்வரை அடித்தேன்.

அந்த மாதம் தொலைக்காட்சி முழுவதும் அமெரிக்க ஜனாதிபதியின் குற்றப் பிரேரணைதான். (அவர்மேல் சொல்லப்பட்டதை இங்கே எழுத என் வளர்ப்பு இடம் தராது. நான் மணிதான் அடித்தேன்!) சரோஜா அதைப் பார்த்தார். யாப்பையும் எடுத்துப் பார்த்தார். அடுத்த கூட்டத்திலேயே என்மேல் குற்றப் பிரேரணை கொண்டுவந்தார்.

"பேச்சுச் சுதந்திரம் எண்டு நீங்கள்தானே அக்கா எழுதினனீங்கள்? உங்கட கையெழுத்துத்தானே இது?"

"நேரத்தைத்தான் நிப்பாட்டினனான். கருத்தை இல்லை."

"கருத்து வாறதுக்கு முதலே நிப்பாட்டினால்?"

மண்டபம் கைதட்டியது. மணியடி வாங்காதவர் அங்கே ஒருவருமில்லை. கீழ்ச்சபையில் எட்டுக்கு நாலு. பிரேரணை நிறைவேறியது.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். கீழ்ச்சபை குற்றம் சாட்டும், அவ்வளவுதான். நீக்குவதற்கு மேல்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒன்பது பேரில் ஆறு.

தை மாதம் சமையலறையில் விசாரணை. டொக்டர் வசந்தா சொன்னார்: "எனக்கு நாலு மணிக்கு டூட்டி இருக்குங்க. சீக்கிரம் முடிச்சிடலாம். நீங்க பேசாமலே இருக்கலாம், தெரியுமில்ல? உங்க யாப்புலயே இருக்கு."

தெரியும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை. நான் எழுதிய வரிதான்.

ஆனாலும் எழுந்து பேசினேன். மிக நன்றாகவும் பேசினேன். சங்கம் தொடங்கியது, கவுன்சிலுக்கு ஏழு கடிதம் போட்டது, மண்டபத்துக் கூரை ஒழுகியது...

டிங்!

நீதியரசரின் கையில் என் மணி!

"மூணு நிமிஷம் ஆச்சுங்க."

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு உட்கார்ந்தேன். சரோஜா சமையலறை வாசலில் நின்று சிரித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வாக்கெடுப்பு. எட்டுப் பேர் முடிந்தபோது குற்றவாளி என்று ஐந்து, இல்லை என்று மூன்று. மிச்சம் ஒரே ஒருவர்: சரோஜாவின் மாமியார். அதே வீட்டில் அதே சோறு சாப்பிடுகிறவர். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

மாமி மெதுவாக எழுந்தார்.

"குற்றம் இல்லை."

"மாமி!" என்றார் சரோஜா.

"சும்மா இரும் பிள்ளை. பதினெட்டு வருசமாய் என்ர மருமேளை நிப்பாட்ட எனக்கு ஏலேல்லை. இவ மூண்டு நிமிசத்திலை நிப்பாட்டிப் போட்டா! இவவைக் கலைச்சால் பிறகு ஆர் இருக்கினம்?"

சமையலறை முழுவதும் சிரிப்பு. டொக்டர் வசந்தாவே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. (வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.)

என் காலம் முடியும்வரை தலைவியாகவே இருந்தேன். விலகிய அன்று மணியை மாமிக்குக் கொடுத்தேன். மாமி இப்போது இல்லை.

இனி, மலரின் ஆசிரியருக்கு. ஆசிரியர் சரோஜாதான், வேறு யார்!

சரோஜா, சரியான வரி இது: "முதல் தலைவி. குற்றப் பிரேரணை நிறைவேறியது, விசாரணையில் விடுதலையானார்." உம்முடைய வெற்றியும் அதில் இருக்கிறது, என்னுடையதும் இருக்கிறது.

தயவுசெய்து தொலைபேசி எடுக்கவேண்டாம். மணி இப்போது உம்முடைய வீட்டில்தான் இருக்கிறது. நீர் பேசத் தொடங்கினால் நிறுத்துவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

திருத்துவீரா, மாட்டீரா? வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும்.