கடைசித் திருப்பத்தில் நின்ற கார்

சுரங்க வேலையிலிருந்து கூடிய சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போகிற நான், செல்போன் விளையாட்டில் ஓடும் ஒரு காருக்கு ஊதா பெயின்ட் அடித்து, பின்னால் இறக்கை மாட்டி, கதவில் எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணையும் ஒட்டியவன். நிஜத்தில் என்னிடம் இருப்பது ஒரு மொபெட். அதைத் துடைத்ததுகூட இல்லை.

எல்லாம் மகன் தினேஷுக்காக. "பொறுத்துக்கடா, பர்மனென்ட் ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லியே அவனைச் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் வேலையில் வருடக்கணக்காக உட்காரவைத்தேன். ஆகவில்லை. வெறுத்துப்போய்ச் சென்னைக்குக் கிளம்பியவன் என்னோடு பேசுவதில்லை. அவன் செல்போனில் விளையாடிய தெருப் பந்தயத்தில் அவன் பெயர் போட்ட கறுப்புக் கார் இன்னும் ஓடுவதைப் பார்த்துத்தான் நானும் சேர்ந்தேன்.

சாயங்காலமானால் அந்தக் கார் என்னை முந்திப் பறக்கும். ஆனால் பல நாள் கடைசித் திருப்பத்தில் தயங்கி நின்றுவிடும். நான் கடந்துபோய் ஜெயிப்பேன். கதவில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டான், மன்னித்துவிட்டான் என்று கண் கலங்குவேன்.

ஒருநாள் தாங்காமல் மனைவியிடம் சொன்னேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவனிடமே கேட்டுவிட்டாள்.

"அந்த கேம வுட்டு ரொம்ப நாளாச்சும்மா. அக்கவுன்ட்ட யாருக்கோ குடுத்துட்டேன்."

"அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கவா?"

"வேணாம்மா."

மகனுடையதாக இல்லாவிட்டாலும் யாரோ ஒருவருடைய இரக்கமாவது எனக்கு மிச்சமிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த முகம் தெரியாதவனுக்கு விளையாட்டிலேயே எழுதினேன்: "எனக்காக விட்டுக்கொடுத்ததற்கு நன்றி, தம்பி."

உடனே பதில் வந்தது.

"நான் எங்கங்க வுட்டுக்குடுத்தேன்? எங்க வூட்டாண்ட நெட்டு நின்னு நின்னுதாங்க வருது."