இன்னும் கொஞ்சம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து, வயர்மேன் வேலை பார்க்கும் அண்ணன்தான் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிறான். இழுத்து இழுத்து அவனுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சின்னவளுக்குக் கல்லூரியில் சுற்றுலாப் படிப்பு, இரண்டாம் வருஷம். ஊர் சுற்றிக் காட்டுவதற்கு எதற்குப் படிப்பு என்று அண்ணன் கேட்காத நாளில்லை.

"பெயின்ட் கடையில பில் போட ஆள் கேட்டாங்க. திங்கக்கிழமையில இருந்து நீ வருவேன்னு சொல்லிட்டேன்," என்றான் அன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே.

"அண்ணா, இன்னைக்குத்தான் வியட்நாம் பசங்க வர்றாங்க. என்னைத் தேர்ந்தெடுத்துட்டா?"

"எடுத்தா போய்ப் படி. நான் ஏன் தடுக்கப் போறேன்? எடுக்கலைன்னா கடை. அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

விஷயம் இதுதான். வியட்நாம் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எட்டு மாணவர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கல்லூரியில் ஒரு ஜோடி. சாயங்காலம் விருந்தாளி மேடையேறித் தன் ஜோடியின் பேரைச் சொல்லிவிட்டால், அந்த ஜோடி ஆறு மாதம் அங்கே போய்ப் படிக்கலாம். மிச்சப் படிப்பின் செலவையும் அவர்களே ஏற்பார்கள். சொல்லாவிட்டால் சின்னவளுக்குப் பெயின்ட் கடை. நடுவில் வேறு வழி கிடையாது.

அண்ணி தன்னுடைய நல்ல உடையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். இடுப்பில் தொளதொளத்தது. ஊக்குக் குத்திச் சமாளித்தாயிற்று.

பஸ் வருவதற்கு முன்னால் துறைத்தலைவி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பிடிபிடியென்று பிடித்தார். "சாப்பாட்டுல கவனமா இருங்க. விருந்தாளிங்க கேட்கக் கூச்சப்படுவாங்க. தட்டு காலியாச்சுன்னா கேட்காமலே போடணும். அரைவயித்தோட போனாங்கன்னு பேரு வந்துச்சு, தொலைச்சிடுவேன்!"

சின்னவளுக்கு வாய்த்தவள் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். இருவர் ஆங்கிலமும் நொண்டிதான். ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நடந்தன. அவரவர் ஊரை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் வரைபடத்தைச் சேர்ந்து வரைவதுதான் வேலை. கண்ணாடிக்காரி தன் ஊர் ஆற்றை வரைந்து, அதில் ஒரு படகையும் அதற்குள் இரண்டு பெண்களையும் போட்டாள். "இது நான். இது நீ," என்றாள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷமாக இந்தக் கல்லூரியில் யாரும் அவளை எந்தப் படகிலும் ஏற்றியதில்லை.

அந்தச் சந்தோஷமெல்லாம் மத்தியானம் கரண்டியில் இறங்கியது. சோறும் கறியும் வைத்தாள். தட்டு துடைத்ததுபோல் காலியானது. அடடா, பிடித்துவிட்டது! மறுபடி வைத்தாள். அதுவும் காலி.

"இன்னும் கொஞ்சம்?"

கண்ணாடிக்காரி சிரித்தாள், தலையாட்டினாள். சின்னவள் கை தாராளமாகப் போட்டது. அந்தப் பெண் இடுப்பு வாரைத் தளர்த்தியதையும், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்ததையும் சின்னவள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. கடைசியாக இனிப்பையும் வைத்தாள். அதுவும் உள்ளே போயிற்று.

மேடையில் ஏறி வரைபடத்தை விரித்தபோது கண்ணாடிக்காரியின் முகம் வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை பேசினாள். அடுத்த நிமிஷம் ஆறு, படகு, இரண்டு பெண்கள் எல்லாவற்றின் மேலும் வாந்தி எடுத்தாள்.

முதலுதவி அறையில் படுக்க வைத்தார்கள். கூட வந்த அவர்களுடைய ஆசிரியர், நரைத்த தலைக்காரர், சின்னவளைத் தனியே கூப்பிட்டு எளிய ஆங்கிலத்தில் விசாரித்தார். அவள் தேம்பித் தேம்பிச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"போட்டதை மிச்சம் வெச்சா போட்டவங்க மனசு நோகும்னு சொல்லி வளர்த்த பொண்ணும்மா இவ."

"தட்டு காலியா இருந்தா விருந்தாளி மனசு நோகும்னு எங்களுக்குச் சொன்னாங்க சார்."

இரண்டு மரியாதைகள் சேர்ந்து ஒரு பெண்ணைச் சாய்த்துவிட்டன. சிரிக்க வேண்டிய கதைதான். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அரங்கில் ஏழு பேர் மேடையேறி ஏழு பேர்களைச் சொன்னார்கள். ஏழு தடவை கைதட்டினார்கள். சின்னவள் முதலுதவி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். துறைத்தலைவி கண்டிப்பானவர்தான், ஆனாலும் சின்னவளைக் கைவிட்டுவிடவில்லை. ஆசிரியரைக் கையோடு கூட்டிவந்தார். "இந்தப் பொண்ணு வாயாலயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்," என்றார்.

ஆசிரியர் குனிந்து, இவள் பேரைச் சொல்லலாமா என்று தங்கள் மொழியில் கேட்டார். கண்ணாடிக்காரி சின்னவளைப் பார்த்துச் சிரித்தாள், தலையாட்டினாள்.

மூன்றாம் தடவை சோறு போட்டபோது பார்த்த அதே சிரிப்பு. இது நிஜமான 'சரி'யா, போட்டவள் மனசு நோகக் கூடாது என்பதற்கான 'சரி'யா? நிஜம்தான் என்று அடித்துச் சொல்லச் சின்னவள் துடித்தாள். ஆனால் அதே நிச்சயத்தோடுதான் கரண்டியையும் பிடித்திருந்தாள்.

ஆசிரியருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. "இவளுக்கு யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்ல வராது," என்றார் மெதுவாக. "உன் துணையா ஆறு மாசம் இவளைக் கட்டிப்போட எனக்கு மனசு வரலை. இவளுக்காக நான் வேண்டாம்னு சொல்லிடறேன். மன்னிச்சிடும்மா."

அவரைத் திட்டவும் முடியவில்லை. திட்ட முடிந்திருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். குத்திக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேசிய குரலில் கேட்டான்.

"திங்கக்கிழமை நானே கொண்டுபோய் விடறேன். உனக்குச் சம்மதந்தானே?"

அப்பா இருமுவது கேட்டது. அடுக்களையில் அண்ணி பாத்திரத்தை உருட்டாமல் காத்திருந்தாள். முடியாது என்ற ஒரு சொல் சின்னவளின் தொண்டை வரை வந்தது. அண்ணனின் சிவந்த கண்களைப் பார்த்தாள். சிரித்தாள், தலையாட்டினாள்.

"சரிண்ணா."

அண்ணன் அதை நம்பினான்.