மாமாவின் மெயில் முகவரி

அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மெயில்கள் ஸ்பேமில் விழாமல் இன்பாக்ஸில் போய்ச் சேர வேண்டும். அதுதான் அவள் பொறுப்பு. "யாரும் கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டணும். ஆனா அடி வாங்காமத் தட்டணும்" என்பாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், அவள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். முன்னறையில் அவளுடைய மேசை, இரண்டு திரைகள், ஒரு ஃபேன். நாள் முழுக்க அவள் பேசுவது தொலைபேசியில்தான்.

ஆறு மாதம் மெயிலைத் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாள். கடைக்காரர்கள் கெஞ்சினாலும் மசிய மாட்டாள். "பார்க்காதவங்க பின்னாடியே ஓடினா, பார்க்கிறவங்க வீட்டுலயும் நம்மள உள்ள விட மாட்டாங்க." அந்தச் சட்டத்துக்குள் வராத முகவரி ஒன்று மட்டும் இருந்தது. அது மாமாவுடையது.

பெரிய அளவில் மெயில் அனுப்பும் முன் சில முகவரிகளுக்கு ஒன்றை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். தலைப்பில் 'டெஸ்ட்' என்று போட்டால் ஸ்பேமைப் பிரிக்கும் இயந்திரத்துக்குச் சந்தேகம் வரும். மனிதர் மனிதருக்கு எழுதியதுபோல் இருக்க வேண்டும். எனவே அத்தை விளம்பரத்துக்கு மேலே தலைப்பாக வீட்டு விஷயத்தையே எழுதுவாள். 'கேஸ் தீர்ந்துபோச்சு.' 'வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க.' அலுவலகத்தில் இருக்கும் மாமா திறந்து, 'சரி' என்று பதில் போடுவார். பதில் வந்தால் மெயில் நிறுவனத்திடம் அனுப்புகிறவருக்கு நல்ல பெயர். பன்னிரண்டு வருடம் அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி, மெத்தைப் படத்துக்கும் மூக்குக்கண்ணாடிப் படத்துக்கும் மேலேதான்.

மாமா இறந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. யாரும் திறக்காததால் கொஞ்ச காலத்தில் மெயில் நிறுவனம் அந்தப் பெட்டியை மூடிவிட்டது. 'அப்படி ஒருவர் இல்லை' என்று ஒவ்வொரு மெயிலும் திரும்பி வந்தது. திரும்பி வரும் முகவரியை அவளுடைய மென்பொருள் பட்டியலிலிருந்து தானே நீக்கிவிடும். அத்தை அதை நீக்காதபடி கையால் தடுத்து வைத்திருந்தாள். 'பால்கனிக் குழாய் ஒழுகுது' என்று அனுப்புவாள். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். மறுநாள் வேறு ஏதாவது எழுதுவாள்.

போன மாதம் ஒரு காலை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமாவுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு."

"என்ன அத்தை சொல்றே?"

"திரும்பி வரல. வாங்கிக்கிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "நல்லதுதானே?" என்றேன். அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மூடிய பெட்டிகள் சிலவற்றை மெயில் நிறுவனங்கள் பின்னால் திறந்து பொறியாக வைக்கும். இல்லாத ஆளுக்கு இன்னும் எழுதுகிறவன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதுவான் என்பது அவர்கள் கணக்கு. அப்படி எழுதுகிறவரின் எல்லா மெயிலும் ஸ்பேமுக்குப் போகும். இது வாசலில் வந்து நின்றபோதே அத்தைக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் அனுப்பினாள்.

மெத்தைக்கடையின் தள்ளுபடி விற்பனைக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய முதலாளி அழைத்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, மெத்தை விக்கச் சொன்னா நம்ம மெயில் எல்லாம் ஸ்பேம்ல படுத்துத் தூங்குது."

"பார்த்தேன் தம்பி. தடைப்பட்டியல்ல போட்டுட்டாங்க."

"நீங்க இருந்துமா? இந்தக் கடை போச்சுன்னா உங்க சீட்டை நான் எப்படிக்கா காப்பாத்துறது? மேல கேக்குறாங்க."

"இன்னைக்கே எடுத்துடறேன்."

"ஏதோ பழைய லிஸ்ட் கலந்துடுச்சுன்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுறாங்க."

தடையை நீக்கக் கேட்கும் படிவத்தில் இரண்டே கேள்விகள். இது எப்படி நடந்தது? இப்போது என்ன செய்திருக்கிறீர்கள்? அத்தை முதல் கட்டத்தில் எழுதினாள்: 'அது என் கணவரின் முகவரி. அவர் இறந்துவிட்டார். எனக்குத் தெரியும்.' இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"நீக்காமலே நீக்கிட்டேன்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது."

"திரும்பவும் அனுப்புவேன். அதான் பிரச்சினை."

"கடைசியா ஒண்ணு மட்டும் அனுப்பிடேன் அத்தை."

"அதுவும் பொறியிலதான் போய் விழும். விடு."

மாமாவின் முகவரியை நீக்கினாள். உறுதியாகவா என்று திரை கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள். பிறகு இரண்டாவது கட்டத்தில் 'நீக்கிவிட்டேன்' என்று எழுதிப் படிவத்தை அனுப்பிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, தடை நீக்கப்பட்டது. கீழே பெயர் எதுவும் இல்லை.

"யாராவது உட்கார்ந்து படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சிருப்பாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை ஊர் சுத்தியும் ஒரு பொய் ஒழுங்கா சொல்லத் தெரியல உனக்கு."

பிறகு முதலாளியை அழைத்து, தடை இப்போதுதான் நீங்கியிருக்கிறது, இன்றைக்கு ஐந்நூறு பேருக்கு மேல் அனுப்ப முடியாது, நாளை ஆயிரம், எண்ணிக்கையை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தாள்.