நான்காம் வினாவுக்கு இரண்டு விடைகள்

விண்ணப்பப் படிவத்தின் பதினோராவது கேள்வி, ‘இப்பட்டத்தைப் பயில விரும்புவதற்கான காரணம்’ என்பது. கீழே இரண்டு வரிக்குப் புள்ளிகள். நான் ‘அறிவு விருத்தி’ என்று எழுதினேன். காரணம் கேட்கும் இடத்தில் உண்மையை எழுதினால் படிவம் திரும்பி வரும். வலயக் கல்வி அலுவலகத்தின் பரீட்சைக் கிளையில் முப்பத்தாறு வருடம் இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மைக்கு அந்த இரண்டு வரிகூடத் தேவைப்பட்டிராது. பயம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்.

அது கணிதமும் மெய்யியலும் இணைந்த, வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டம். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. இணைந்தது என்று பெயரே தவிர, இரண்டு துறைகளும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்வதாகத் தெரியவில்லை. கணிதத்துறை ஒவ்வொரு படிவத்திலும் மூன்று பிரதி கேட்டது. மெய்யியல்துறை எதற்கும் பதில் போடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடி, கடிதக் கோவையை ஒழுங்காக வைத்துக்கொள்ள என்னைப்போல ஒருவனால்தான் முடியும். எங்கள் தொகுதியில் பதிவு இலக்கம் பிழையில்லாமல் வந்தது எனக்கு மட்டுந்தான்.

பயத்துக்குக் காரணம் என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தவர். எந்த வாய்க்காலில் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் முறை என்று கொப்பி பார்க்காமல் சொல்வார். தண்ணீர்த் தகராறு வந்தால் வயல் விதானைமாரே அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் ஓய்வு பெற்ற மாதம் ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் போயிருக்காது, எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவ, வுழூச் செய்யப் போனார்.

“வாப்பா, இப்பதானே தொழுத நீங்க” என்றாள் அவருடைய மகள்.

“நான் எங்க தொழுத? பொய் சொல்லாத புள்ள.”

“கையப் பாருங்க வாப்பா. ஈரம் காயல்ல.”

காக்கா தன் முழங்கைகளைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் ஊற்றிவிட்டாளோ என்பதுபோல அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “தம்பி, நீ சொல்லு, நான் தொழுதயா?” என்று கேட்டார். ஓம் என்றேன். நம்பவில்லை. போய் மறுபடியும் தொழுதார்.

எங்கள் வாப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். ஆகவே அடுத்தது யார் என்று கணக்குப் பார்க்கப் பெரிய கணிதம் தேவையில்லை.

அன்றுமுதல் என்னை நானே மேற்பார்வை செய்யத் தொடங்கினேன். சாவியை வைத்த இடம், கடையில் விட்ட குடை, ஒரு பழைய பாடசாலை அதிபரின் பெயர் நாக்கில் நின்றுகொண்டு வராமல் போனது, எல்லாவற்றையும் குறித்தேன். ஆனால் இவை யாருக்கும் நடப்பவை. எனக்கு வேண்டியிருந்தது ஏமாற்ற முடியாத ஒரு சோதனை. ஊர்க்கதையில், கடிதத்தில், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் மூளை இல்லாமலே பல வருடம் சமாளிக்கலாம். சமாளித்தவர்களை எனக்குத் தெரியும். கணித நிறுவலில் அது நடக்காது. ஆறாம் வரிக்கு வரும்போது முதலாம் வரியில் எதை எடுத்துக்கொண்டோம் என்பது மனதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். அதற்காகத்தான் கணிதம். மெய்யியல் எதற்கு என்றால், விழுந்தது எனக்கே தெரியாமல் போகுமா என்ற கேள்விக்குக் கணிதத்தில் பாடம் இல்லை.

இதை யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. ஊருக்கு நான் பொழுதுபோகாத பென்சன்காரன். பள்ளிவாசலில் என் கூட்டாளி, ஓய்வுபெற்ற தபாலதிபர், அசருக்குப் பிறகு தினமும் பிடித்துக்கொள்வார்.

“என்ன மச்சான், இந்த வயசில பட்டமா? செத்து அடக்கினாப் பொறகு கபுறுல கேக்கிற கேள்விக்கு விட பாடமாக்கிட்டீங்களா?”

“அதுக்குக் கடந்தகால வினாத்தாள் கிடைக்குதில்லயே.”

“அதுல தெரிவு வினாவும் இல்ல, எல்லாம் கட்டாயம். சரி, கணக்கு எண்டா வெளங்குது. இந்த மெய்யியல் ஈமானுக்குக் கூடாதாமே? அல்லாஹ் இரிக்கானா எண்டு கேக்கிறாங்களாம்.”

“எனக்கு வந்த பேப்பருல கதிர இரிக்கா எண்டுதான் கேட்ட.”

“கதிரயா? அதுக்கு என்னத்துக்குப் பல்கலைக்கழகம்? இருந்து பாத்தாத் தெரியுமே.”

சனியும் ஞாயிறும் கணினியில் வகுப்பு. கணித விரிவுரையாளர் சுருக்கமான மனிதர். நிறுவ முடிந்ததை மட்டும் எழுது என்பார். மெய்யியல் விரிவுரையாளர் ஒரு பெண். ஒருநாள் அவர், ஒன்றை அறிந்திருப்பவர் தாம் அறிந்திருக்கிறோம் என்பதையும் அறிந்திருக்க வேண்டுமா என்று கேட்டார். இளம் பிள்ளைகள் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் உற்சாகமாகச் சண்டை பிடித்தார்கள். நான் ஒலிவாங்கியை நிறுத்திவைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைத் தலைகீழாக்கி ஒரு தாளில் எழுதினேன்: மறந்திருப்பவன் தான் மறந்திருப்பதை அறிவானா? எழுதியதும் கிழித்துப் போட்டேன்.

முதலாம் வருடப் பரீட்சையில் சித்தி. வெளியே காட்டிக்கொள்ளாமல் நிம்மதிப்பட்டேன். ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் கிடைத்தது போல. இரண்டாம் வருடப் பரீட்சைக்குக் கல்முனையிலேயே ஒரு பாடசாலையை நிலையமாகப் போட்டிருந்தார்கள். முதல்நாள் கணிதம், மறுநாள் மெய்யியல். நான் எத்தனையோ வருடம் மேற்பார்வையாளராக நின்ற மண்டபம் அது. இப்போது அங்கே மேற்பார்வையாளராக நின்றவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஆசிரியை. அவருடைய முதலாவது பயிற்சி வகுப்பை நடத்தியவன் நான்.

“சேர், அடையாள அட்டையையும் அனுமதி அட்டையையும் மேசையில வைங்க. போன் எண்டா வெளியில.”

“என்னத் தெரியாதா பிள்ள?”

“தெரிஞ்ச ஆளெண்டாலும் பாக்கணும் எண்டு சொல்லித் தந்த நீங்கதானே சேர்.”

பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நான் அட்டைகளை எடுத்து வைத்தேன். படத்தையும் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தது, நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம்.

எட்டு வினாக்களில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். மூன்று மணித்தியாலம். பேப்பர் பயந்த அளவுக்கு இல்லை. பேனை நன்றாக ஓடியது. மேலதிகத் தாள் இரண்டு வாங்கினேன். முடிவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஐந்தையும் முடித்துவிட்ட திருப்தியோடு முன்பக்கத்துக்கு வந்தேன். எழுதிய வரிசைப்படி வினா இலக்கங்களை அங்கே குறிக்க வேண்டும். தாள்களைப் புரட்டிப் புரட்டிக் குறித்தேன். ஒன்று. நான்கு. மூன்று. ஆறு. நான்கு.

பேனையை வைத்துவிட்டு மறுபடியும் புரட்டினேன். ஒன்று, நான்கு, மூன்று, ஆறு, நான்கு.

நான்காம் வினா இது: எண்களின் வரிசை ஒன்று போகப்போக ஓர் எண்ணை நெருங்குமாயின், அது அவ்வாறு நெருங்கும் எண் ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவுக. மூன்றாம் பக்கத்தில் அதை முரண்பாட்டு முறையில் நிறுவியிருந்தேன். இரண்டு எண்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவற்றின் இடைவெளியில் பாதியை எடுத்து, அப்படி இருக்க முடியாது என்று காட்டியிருந்தேன். பதினோராம் பக்கத்தில் நேரடியாக நிறுவியிருந்தேன். இடைவெளி எந்தச் சிறிய எண்ணையும்விடச் சிறியது, ஆகவே பூச்சியம். இரண்டும் என் கையெழுத்து. இரண்டிலும் பிழை இல்லை. இரண்டாவது ஏழு வரி குறைவு. விடைத்தாள் திருத்திப் புள்ளி போடுகிறவனாக இருந்தால் இரண்டாவதற்குத்தான் கூடப் போடுவேன்.

மூன்றாம் பக்கத்தை எழுதியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

முயன்று பார்த்தேன். முதலாம் வினாவில் ஒரு சொல்லை வெட்டியது ஞாபகம் இருந்தது. மூன்றாம் வினா எழுதும்போது வெளியே மீன் லொறி ஹோர்ன் அடித்தது ஞாபகம் இருந்தது. இவை இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரத்துக்குக் குறையாத வேலை ஒன்று தாளில் இருந்தது, தலையில் இல்லை.

மெய்யியல் படித்த பாதி உடனே வாதாட வந்தது. பரீட்சைப் பதற்றம். இரத்தத்தில் சீனி வருத்தம். முதல்நாள் சரியான நித்திரை இல்லை. ஒரே நிகழ்ச்சிக்குப் பல விளக்கங்கள் பொருந்தலாம் அல்லவா? கணிதம் படித்த பாதி எழும்பவே இல்லை. ஓர் எதிர் உதாரணம் போதும் என்பது அங்கே முதல் மாதப் பாடம். நீயே சோதனை வைத்தாய், நீயே விடையைப் பெற்றுக்கொண்டாய்.

இனி என்ன செய்வது என்பதற்கு விதி இருந்தது. அதை ஆயிரம் பேருக்காவது நானே உரத்து வாசித்திருக்கிறேன். ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள் எழுதப்பட்டிருப்பின் ஒன்றைக் கோடிட்டு வெட்டுதல் வேண்டும். வெட்டப்பட்டதைப் பரீட்சகர் வாசிக்கமாட்டார். அடிமட்டத்தை எடுத்து மூன்றாம் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது. முன்பக்கத்திலும் முதலாவது நான்கை வெட்டினேன். இன்னொரு வினாவுக்குப் பத்து நிமிடம் இருந்தது. எழுதவில்லை. மணி அடித்தது. ஆசிரியை விடைத்தாள்களைச் சுட்டெண் வரிசையில் அடுக்கி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நான் செய்வதுபோலவே செய்தார்.

ஆட்டோவில் வரும்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. அந்தத் தாள் இனி என் கைக்கு வராது. விதிப்படி சில காலம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். நடந்ததற்கு ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியின் ஞாபகத்தில்தான் வழக்கே. நாளைக்கு இதுவும் மூன்றாம் பக்கம்போல இல்லாமல் போனால்? அப்போது நான் ஐந்து வினாவுக்கு விடை எழுதிய, திருப்தியான ஒரு மனிதனாக இருப்பேன். காக்கா எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வினாத்தாள் மட்டும் கையில் இருந்தது. ஆட்டோ குலுங்கக் குலுங்க நான்காம் வினாவுக்குப் பக்கத்தில் ‘இரண்டு தரம் எழுதினேன், முதலாவது ஞாபகம் இல்லை’ என்று எழுதித் திகதியிட்டுக் கையொப்பமும் வைத்தேன்.

மனைவி ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கேற்றைத் திறந்துகொண்டே, “எப்பிடி பேப்பர்?” என்று கேட்டார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காக்காவைப் பார்த்த நாளிலிருந்து, படிவத்தில் எழுதிய பொய்யிலிருந்து, ஒன்று, நான்கு, மூன்று, ஆறு, நான்கு வரைக்கும், குறுக்கே போட்ட கோடு வரைக்கும். வினாத்தாளை வாங்கி என் கையொப்பத்தைப் பார்த்தார்.

“உள்ளுக்கு வந்து இருங்க. தண்ணி குடிங்க. மறுகா இன்னொருக்காச் சொல்லுங்க.”

“இப்பதானே சொன்ன.”

“ஓம். துவக்கத்தில இருந்து சொல்லுங்க.”

சொன்னேன். பாதியில்தான் விளங்கியது, அவர் கதையைக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளிடம் கதை கேட்டு, விட்ட இடத்தைப் பிடிக்கும் முகம் அது. என் வாழ்நாளில் எத்தனையோ பரீட்சைகளை நடத்தியிருக்கிறேன், சிலவற்றுக்குத் தோற்றியும் இருக்கிறேன். இதைப்போலக் கடினமானது ஒன்றும் இருந்ததில்லை. ஒவ்வொரு வசனத்தையும் பிடித்துப் பிடித்து முடித்தேன்.

“முதல் சொல்லக்குள்ள கோடு போட்டு வெட்டின எண்டீங்க. ரெண்டாந்தரம் அதச் சொல்லல்ல.”

“அது முக்கியமில்ல. அதால விட்ட.”

“தேவயில்லண்டு விட்டீங்களா, மறந்து போய் விட்டீங்களா?”

எது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன். பிறகு எழுந்து, என் கோவைகள் இருக்கும் அலுமாரியைத் திறந்தார். திருமணமான நாளிலிருந்து அந்த அலுமாரியை நான் யாரையும் தொட விட்டதில்லை. கிளினிக் கொப்பி உள்ள கோவையை எடுத்து, வினாத்தாளை அதற்குள் வைத்தார்.

“செவ்வாக்கிழம டொக்டரிட்டப் போவம்.”

“அப்பிடிப் போக ஏலாது. முதல்ல இங்க ஓபீடீயில துண்டு எடுத்து, அதுக்குப் பொறகு நரம்பு டொக்டருக்குக் கடிதம்…”

“சொல்லுங்க, நான் எழுதிக்கிறன்” என்று பேனையை எடுத்தார். சொல்லச் சொல்ல எழுதினார். ஓரிடத்தில் நிறுத்தி, அது எந்த அறை என்று கேட்டார். சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“நாளைக்கி மெய்யியல் இரிக்கி. போறதா?”

“போங்க. நான் வந்து கேற்றுக்கு உள்ளுக்க, அந்த வேப்ப மரத்தடியில இரிக்கன். முடிஞ்சதும் நேர என்னட்ட வந்து, என்ன எழுதின எண்டு சொல்லுங்க.”

பரீட்சை நடைபெறும் வேளையில் பரீட்சார்த்தியின் உறவினர் எவரும் பாடசாலை வளவுக்குள் நிற்கலாகாது. அந்தச் சுற்றுநிருபத்தைத் தமிழில் வரைந்தவனே நான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையில் வெள்ளென வந்தால் நிழலில் இடம் கிடைக்கும் என்று மட்டும் சொன்னேன்.