பதினெட்டு ரொட்டி வீரய்யா

ரொட்டித் துண்டு வாய்க்குள் போனதும் வீரய்யா அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறார். தாடை மட்டும் அசைகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை முப்பது தடவையாவது மெல்லுகிறார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், "என்னாண்ணே, ரொட்டிக்குப் பூசை நடக்குதா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். வாயில்தான் ரொட்டி இருக்கிறதே!

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. பரப்பிக் கிடக்கும் கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அழுத்துவார், விரலைத் திறந்து பார்ப்பார், முகர்வார். "இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டால் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாவும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

கொழுந்திடம் இத்தனை பொறுமை காட்டிய கை, முன்பெல்லாம் சாப்பாட்டில் மட்டும் பேயாய்ப் பறந்தது. ஒரு ரொட்டி நாலே வாயில் முடியும். மாரியம்மன் திருவிழாவில் பந்தயம் கட்டிப் பதினெட்டு ரொட்டி தின்றவர் அவர். தலவாக்கலைக் கடைத்தெருவில்கூடப் 'பதினெட்டு ரொட்டி' என்றால்தான் அவரைத் தெரியும்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். உலக யுத்த காலத்தில் மாவை அளந்து கொடுத்தார்களாம். வீட்டில் அண்ணன் தம்பிகள் ஆறு பேர், தட்டு ஒன்று.

"மெதுவா தின்னவன் பட்டினி கெடந்தான் தம்பி. யுத்தம் முடிஞ்சி பதினஞ்சி வருசமாச்சி. இந்தக் கைக்கு மட்டும் யாரும் சொல்லல."

இந்தத் தைப்பூசத்தன்று இரத்தமாக வாந்தி எடுத்தார். தோட்டத்து டொக்டர் ஐயா ஒளிக்காமல் சொன்னார்: "வயிறெல்லாம் புண்ணு. இன்னொரு பந்தயம் போட்டா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் போவே. திரும்பி வருவியான்னு என்னால சொல்ல முடியாது."

ஒரு வாரம் கழித்து மாடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். "அம்மாக்கண்ணு! அவசரப்படுத்துனா கொழுந்தே கெட்டுப் போவுது. வயித்த மட்டும் அவசரப்படுத்தலாமாடி?"

உட்கார்ந்து, முதல் தடவையாக மெதுவாக மென்றார். கண் அகலமாக விரிந்தது.

"ரொட்டி இனிக்குதே! சீனி போட்டியா?"

"வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இதே மாவு, இதே தேங்காதான். நீங்க இன்னைக்கித்தான் தின்னுறீங்க" என்றார் அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்கா.

அன்று முதல் எல்லாம் மாறிவிட்டது, இடது கையைத் தவிர. சாப்பிடும்போது அது தட்டைச் சுற்றி வேலிபோல வளைந்துகொள்ளும். அந்த ஆறு பேரும் இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல! போன ஞாயிறு வரைக்கும் அப்படித்தான்.

அன்று, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லொறி டிரைவர் முத்துலிங்கம் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்று கத்தினார்: "மேக்கணக்குச் சிங்கம் பால்சோறு திங்கிற புள்ளையாயிருச்சாமே!" எங்கள் மேல்கணக்கு வாலிபர்களுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனை இழுத்துப் போய் விளையாட்டு மைதானத்தில் உட்காரவைத்தோம். ஆளுக்குப் பதினெட்டு ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாய் அரைத்த கட்டைச் சம்பல். தோட்டமே கூடிவிட்டது. அம்மாக்கண்ணு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் நானும் கத்தினேன்: "தின்னுங்கண்ணே, தின்னுங்க!"

முத்துலிங்கம் ஏழாவது ரொட்டியில் இருந்தார். அண்ணனோ கண்ணை மூடியபடி முதல் ரொட்டியையே மென்றுகொண்டிருந்தார். திடீரென்று கண்ணைத் திறந்து, "சம்பல்ல உப்புக் கொஞ்சம் தூக்கல். யாரு அரைச்சது?" என்று கேட்டார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. முத்துலிங்கத்துக்குப் புரை ஏறி, யாரோ தலையில் தட்டினார்கள்.

இரண்டாவது ரொட்டியின் கடைசித் துண்டையும் மென்று விழுங்கிவிட்டு அண்ணன் நிமிர்ந்தார்.

"எனக்குப் போதும்."

"அப்ப தோத்துட்டீங்களா?" என்றார் முத்துலிங்கம், இருமிக்கொண்டே.

"வயிறு நெறஞ்சிருச்சி தம்பி."

தட்டைச் சுற்றி வளைந்திருந்த அந்த இடது கை மெல்ல விரிந்தது. மிச்சமிருந்த பதினாறு ரொட்டியையும் தட்டோடு நடுவில், எங்கள் எல்லோருக்கும் எட்டும்படி, தள்ளி வைத்தது.